கியர்பாக்ஸுக்குத் தெரியாமல் ஏற்றிய டார்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். இங்கே எழுதுவது அப்படி வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி. இரண்டு இருக்கை, பின்சக்கர ஓட்டம், 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், கம்பெனி சொல்லும் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) 500 நியூட்டன் மீட்டர். இந்த மாடல் மேற்கு மாவட்டங்களில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் ஓடுகிறது. பெயரைச் சொன்னால் யாருடைய கார் என்று இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அதனால் மாடல் பெயர், நிறம் இரண்டையும் விட்டுவிட்டேன். டியூனிங் சாமான் விற்றவர் பெயரும் இங்கே தேவையில்லை.

கியர்பாக்ஸின் பெயரை மட்டும் சொல்லியாக வேண்டும். அது இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி51. 2009-இல் முதல்முறை காரில் வந்த 8எச்பி குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது: 8 என்றால் எட்டு கியர், 5 என்றால் 500 நியூட்டன் மீட்டர் வகுப்பு, கடைசியில் வரும் 1 முந்தைய தலைமுறையின் 8எச்பி50-இலிருந்து இதைப் பிரித்துக் காட்டும். இதே குடும்பத்தில் 70, 90 என்று முடிகிற பெரிய அண்ணன்களும் உண்டு. அவை 700, 900 நியூட்டன் மீட்டருக்கானவை. ஆக, இந்தக் காரில் எஞ்சின் தரும் டார்க்கும் கியர்பாக்ஸின் பெயரில் இருக்கும் டார்க்கும் ஒன்றே. உலோகத்தில் கூடுதல் பலம் நிச்சயம் இருக்கும். எந்தப் பொறியாளரும் விளிம்பில் வைத்து வடிவமைப்பதில்லை. ஆனால் அந்தக் கூடுதல் பலம் எதற்காக வைக்கப்பட்டது, அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் இந்த வழக்கே இருக்கிறது.

உரிமையாளர் சொந்தத் தொழில் செய்பவர். காரை 21,000 கிலோமீட்டரில் இரண்டாம் கையாக வாங்கினார். வாரநாட்களில் அதிகம் எடுப்பதில்லை. ஞாயிறு காலை நீண்ட ஓட்டம், அப்புறம் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் நாள் அறிவித்தால் தவறாமல் போய்விடுவார். எங்களிடம் வரும்போது மீட்டரில் 46,000 சொச்சம். கியர்பாக்ஸ் ஆயில் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. கார் கம்பெனியின் கையேட்டில் அது ஆயுட்கால ஆயில் என்றுதான் இருக்கிறது. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் சொல்வது வேறு: 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றுங்கள், கடுமையாக ஓட்டினால் இன்னும் முன்னதாகவே. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால், பிரித்துப் பார்க்கிற எங்கள் பதில் எப்போதும் இரண்டாவதுதான்.

வந்தபோது சொன்ன புகார்

புகார் மூன்று. முதலாவது, காரைச் சூடேற்றி முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டும்போது 2-லிருந்து 3-க்கும், சில நேரம் 4-லிருந்து 5-க்கும் மாறும் கணத்தில் ஆர்பிஎம் மேலே போகிறது, கார் இழுப்பதில்லை, பிறகு சட்டென்று பிடிக்கிறது. இரண்டாவது இதற்கு நேரெதிர்: காந்திபுரம் நெரிசலில் மெதுவாகப் போகும்போது அதே கியர்கள் இடித்துக்கொண்டு விழுகின்றன. மூன்றாவது, 70, 80 வேகத்தில் லேசாக மிதித்துக்கொண்டு போனால் சாலையில் வெள்ளைக்கோட்டு மேடுகளின் மேல் ஓடுவது போன்ற ஒரு நடுக்கம்.

எங்கள் வழக்கப்படி, டியூனிங் ஏதாவது செய்திருக்கிறதா என்று கேட்டோம். “ரீமேப் எதுவும் பண்ணலைங்க. ஈசியூவ யாரும் தொட்டதே இல்ல” என்றார். ஈசியூ என்பது எஞ்சின் கம்ப்யூட்டர்; ரீமேப் என்றால் அதில் உள்ள கட்டளை அளவுகளை மாற்றி எழுதுவது. அவர் பொய் சொல்லவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரே கியர்பாக்ஸ், முழு வேகத்தில் சறுக்குகிறது, மெதுவாகப் போகும்போது இடிக்கிறது. இப்படிச் சேர்ந்து வரும் புகார் முதலில் குழப்பும். கிளட்ச் தேய்மானம் சறுக்கலை விளக்கும், இடியை விளக்காது. வால்வ் பாடியில் (ஆயில் அழுத்தத்தைக் கிளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) கோளாறு என்றால் இப்படி இரண்டே கியர்மாற்றங்களில் மட்டும் நிற்பது அரிது.

ஸ்கேனரில் தெரிந்தது

8எச்பியின் உள்ளமைப்பு இங்கே உதவிக்கு வந்தது. நான்கு கோள்கியர் தொகுதிகள் (நடுப் பல்சக்கரத்தைச் சிறு பல்சக்கரங்கள் சுற்றி ஓடும் அமைப்பு). அவற்றைப் பூட்டவும் விடவும் ஐந்து உறுப்புகள். ஏ, பி இரண்டும் பிரேக்குகள், சி, டி, ஈ மூன்றும் கிளட்சுகள். எந்தக் கியரிலும் மூன்று மூடியிருக்கும், இரண்டு திறந்திருக்கும். கியர் மாறும்போது ஒன்று விட, ஒன்று பிடிக்கும். இரண்டாம் கியரில் ஏ, பி, ஈ மூடியிருக்கும். மூன்றில் பி, சி, ஈ. அதாவது 2-லிருந்து 3-க்குப் போகும்போது ஏ விடுகிறது, சி பிடிக்கிறது. நான்கில் பி, டி, ஈ. ஐந்தில் பி, சி, டி. அங்கேயும் ஈ விட, புதிதாகப் பிடிப்பது சி. புகார் வந்த இரண்டு மாற்றத்திலும் உள்ளே வருகிற கிளட்ச் ஒன்றேதான்.

ஸ்கேனரில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், அதாவது டிசியூ, தானாகக் கற்றுவைத்திருக்கும் திருத்த அளவுகளைப் பார்த்தோம். ஒவ்வொரு கிளட்சுக்கும் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் ஆயில் நிரப்ப வேண்டும் என்பதை ஓட்ட ஓட்ட அது சரிசெய்துகொண்டே இருக்கும். நான்கு உறுப்புகளின் திருத்தம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. சி மட்டும் அனுமதித்த எல்லைக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே குடும்பக் கியர்பாக்ஸ் உள்ள, எந்த டியூனிங்கும் இல்லாத, 90,000 கிலோமீட்டர் தாண்டிய ஒரு செடான் அப்போது சர்வீஸுக்கு நின்றிருந்தது. அதன் சி கிளட்ச் திருத்தம் நடுவில்தான் இருந்தது. இரு மடங்கு ஓடிய கார் நலமாக இருக்க, பாதி ஓடியது எல்லையில் நிற்கிறது.

அடுத்து, ரோட்டில் பதிவு எடுத்தோம். முழு ஆக்சிலரேட்டரில் ஈசியூ அறிவிக்கும் டார்க் 495-ஐத் தாண்டவில்லை. பார்த்தால் கம்பெனி அளவுதான். ஆனால் ஓட்டிப் பார்த்த எங்கள் மூத்த மெக்கானிக்குக் காரின் இழுவை அப்படித் தோன்றவில்லை. சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றோம்.

மூன்றாம் கியரின் விகிதம் 2.17, பின் ஆக்சிலின் விகிதம் 3.15, டயரின் ஆரம் சுமார் 33 சென்டிமீட்டர். ஓட்டுபவரையும் சேர்த்து எடை 1,700 கிலோவுக்குப் பக்கம். சுழலும் பாகங்களின் பங்கைச் சேர்த்தால் 1,850 போலக் கொள்ளலாம். 500 நியூட்டன் மீட்டர் தந்து, வழியில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் இழந்தால், மூன்றாம் கியரில் 60-லிருந்து 90-க்குப் போக ஏறக்குறைய 1.8 வினாடி ஆக வேண்டும். இந்தக் கார் 1.4 வினாடியில் முடித்தது. திருப்பிக் கணக்கிட்டால் எஞ்சினிலிருந்து வருவது 600-க்கும் மேல், 620 வாக்கில். ஈசியூ 495 என்கிறது, சக்கரம் 620 என்கிறது. சக்கரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

எஞ்சின் மூடியைக் கழற்றியதும் விஷயம் வெளிப்பட்டது. டர்போ அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார் இணைப்பில் இடைச்செருகலாக ஒரு வயர், அதைப் பின்தொடர்ந்தால் ஃபயர்வால் ஓரத்தில் டேக் போட்டுக் கட்டிய தீப்பெட்டி அளவுப் பெட்டி. பிக்கிபேக் பெட்டி. புதிய கார்களின் ஈசியூ பூட்டியே வருவதால் ரீமேப் செய்வது கடினமாகிவிட்டது. அதனால் பலரும் இந்தப் பெட்டிப் பக்கம் போகிறார்கள். உரிமையாளரைக் கூப்பிட்டுக் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார். வாங்கிய சில மாதங்களில் போட்டதாம். ஈசியூவைத் தொடுவதே இல்லை, கழற்றினால் தடயமே இருக்காது என்று விற்றவர் சொன்னாராம். ஆகவே அது டியூனிங் என்றே அவர் கணக்கில் சேரவில்லை. தடயம் கியர்பாக்ஸுக்குள் இருந்தது.

ஏன் இப்படி ஆனது

பெட்டி செய்யும் வேலை எளிது. டர்போவில் உண்மையில் இருக்கும் அழுத்தத்தைவிடக் குறைவான அளவை ஈசியூவுக்குக் காட்டும். அழுத்தம் போதவில்லை என்று நினைத்து ஈசியூ இன்னும் ஏற்றும். காற்று கூடும், எரிபொருள் கூடும், டார்க் கூடும். ஆனால் டார்க்கைக் கணக்கிட ஈசியூ பயன்படுத்துவதும் அதே குறைத்துக் காட்டிய அழுத்தத்தைத்தான். ஆகவே அது தனக்குத் தெரிந்த 495-ஐ நேர்மையாக டிசியூவுக்கு அனுப்புகிறது. 495-க்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அதை டிசியூ கிளட்சுக்குக் கொடுக்கிறது. வந்து சேர்வது 620.

கியர் மாறி முடிந்து கிளட்ச் முழுதாக மூடியிருக்கும்போது இது பெரிய பிரச்சினை இல்லை. அங்கே தாராளமாகவே கூடுதல் பலம் வைத்திருப்பார்கள். சிக்கல் மாறும் அந்த ஒரு கணத்தில். மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த நேரத்து அழுத்தம் மிக நுணுக்கமாக, வருகிற டார்க்குக்கு ஏற்ப அளந்து கொடுக்கப்படுகிறது. அதோடு, மாற்றத்தின்போது எஞ்சின் டார்க்கைச் சற்றே குறைக்கச் சொல்லி டிசியூ ஈசியூவைக் கேட்கும். ஈசியூவும் குறைக்கும், ஆனால் தான் நினைக்கும் அளவிலிருந்து. உண்மையில் மீதி நிற்பது எதிர்பார்த்ததைவிட அதிகம்.

2-லிருந்து 3-க்கு மாறுவது இந்தக் கியர்பாக்ஸில் பெரிய படி. விகிதம் 3.36-லிருந்து 2.17-க்கு இறங்குகிறது. 6,500 ஆர்பிஎம்மில் மாற்றினால் எஞ்சின் 4,200-க்கு வந்தாக வேண்டும். அந்த 2,300 ஆர்பிஎம்மை இழுத்துப் பிடிக்கிற வேலை உள்ளே வரும் சி கிளட்சுடையது. சறுக்கும்போது உண்டாகும் வெப்பம் டார்க், சறுக்கும் வேகம், நேரம் மூன்றையும் பெருக்கி வருவது. டார்க் கால்பங்கு கூடி, சறுக்கும் நேரம் இரு மடங்கானால் தோராயமாக வெப்பம் இரண்டரை மடங்கு. இருபத்தைந்து சதவீதம்தானே கூட்டினோம் என்று டியூனிங் செய்பவர்கள் சொல்வதில் தவறு இங்கேதான். டார்க் எண் கூடுவது கால்பங்கு, பிளேட்டின் முகத்தில் கூடுவது அதைவிட எத்தனையோ அதிகம்.

டிராக்கும் சேர்ந்துகொண்டது. கரி டிராக் 2.1 கிலோமீட்டர், நீண்ட நேர்ப்பாதை இல்லாததால் இந்தக் காரில் பெரும்பாலும் 2, 3, 4 கியர்களுக்குள்தான் ஓட வேண்டும். ஏறும்போது 2-லிருந்து 3-க்கு சி பிடிக்கும். 3-லிருந்து 4-க்கு விடும். வளைவுக்கு முன் பிரேக் அடித்து 4-லிருந்து 3-க்கு இறங்கினால் மறுபடியும் சி பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மற்ற நான்கு உறுப்புகளைவிட அதிகம் உழைத்தது இதுதான்.

நெரிசலில் இடிக்கும் புகாருக்கும் இதுவே விடை. முழு வேகத்தில் சறுக்கியதைக் கண்ட டிசியூ, சி கிளட்ச் தேய்ந்துவிட்டது போலும் என்று எண்ணி அழுத்தத்தைக் கூட்டிக் கற்றுக்கொண்டது. மெதுவாக ஓட்டும்போது பெட்டி வேலை செய்வதில்லை, அறிவித்த டார்க்கும் உண்மை டார்க்கும் ஒத்துப்போகின்றன. அங்கே கூட்டிய அழுத்தம் மிகை. அதனால் இடி.

ஆயிலும் பானும்

இந்தக் கியர்பாக்ஸின் அடிப் பான் பிளாஸ்டிக். ஃபில்டர் அதோடு ஒட்டியே வரும், தனியாக மாற்ற முடியாது. இறக்கியபோது ஆயில் கறுத்து, கருகிய நெடி. காந்தங்களில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தது. அது எல்லாக் கியர்பாக்ஸிலும் இருப்பதுதான். வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு விட்டு விரித்துப் பார்த்தோம். நடுவில் கறுப்புத் துகள்கள் தங்கின. தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினோம், துகள்கள் அசையவில்லை. இரும்பு இல்லை என்றால் அது பிரிக்‌ஷன் பொருள், கிளட்ச் பிளேட்டின் முகத்திலிருந்து உதிர்ந்தது. உலோகச் சில்லுகள் எதுவும் கிடைக்கவில்லை. கோள்கியர்களும் பேரிங்குகளும் அதுவரை தப்பித்திருந்தன.

முதல் முடிவு

மூன்று வழி இருந்தது. பிக்கிபேக் பெட்டியைக் கழற்றி, ஆயிலும் பானும் மாற்றி, கற்ற அளவுகளை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது ஒன்று. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிப்பது இன்னொன்று. மூன்றாவது, முழுக் கியர்பாக்ஸையே மாற்றுவது. அது பல லட்சம், கப்பலில் வந்துசேரக் காத்திருக்கவும் வேண்டும்.

முதல் வழியைத் தேர்ந்தோம். சில்லு இல்லை என்பது ஒரு காரணம். பிளேட் முகம் லேசாகப் பளபளப்பாகி இருந்தால் புது ஆயிலும் சரியான அழுத்தமும் அதை ஓரளவு மீட்கும் என்ற நம்பிக்கை இன்னொன்று. இப்படி மீண்ட கியர்பாக்ஸ்களைப் பார்த்திருக்கிறோம். இது உறுதி இல்லை, மூன்றில் மலிவான சோதனை என்று உரிமையாளரிடம் சொல்லியே ஆரம்பித்தோம். பெட்டியைக் கழற்ற அவர் தயங்கினார். கழற்றாமல் சோதித்தால் முடிவுக்கு அர்த்தமே இல்லை என்றதும் சம்மதித்தார்.

ஆயில் லெவல் பார்ப்பதில் பலரும் அவசரப்படுவார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர்பாக்ஸ் ஆயில் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது பக்கத்து மூடியைத் திறந்தால் மெல்லிய இழையாக வழிந்து நிற்க வேண்டும். கோவையில் மே மாத மதியத்தில் அந்த 50 டிகிரியைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. எங்களிடம் இந்த வேலை காலையில்தான்.

முதல் சில நூறு கிலோமீட்டரில் நடுக்கம் போயிற்று, இடி குறைந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். 1,500 கிலோமீட்டர் ஓடியபின் மலைப்பாதையில் சூடேறிய ஒரு நாளில், பிக்கிபேக் பெட்டி இல்லாமலேயே 2-லிருந்து 3-க்குச் சறுக்கல் திரும்பி வந்தது. சி திருத்தம் மறுபடியும் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பிரித்தபோது

கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தோம். ஏ, பி, டி, ஈ பிளேட்டுகள் அந்த வயதுக்கு ஏற்ற நிலையில், பழுப்பு நிறம் மாறாமல் இருந்தன. சி தொகுதியில் பிரிக்‌ஷன் பிளேட்டுகள் ஏறக்குறைய கறுப்பு. விரல்நகத்தால் தடவினால் சொரசொரப்பே இல்லை, கண்ணாடி வழுவழுப்பு. எதிரே இருக்கும் ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டில், வட்டத்தைச் சுற்றி நீலமும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகச் சூட்டுத் தழும்பு. தட்டையான பலகையின் மேல் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்தால் அவற்றில் ஒன்று லேசாகக் கிண்ணம்போல் வளைந்திருந்தது. ஒருமுறை வளைந்த ஸ்டீல் முழுமுகமாகத் தொடாது; தொடும் இடத்தில் மட்டும் சூடு கூடும்; இன்னும் வளையும். ஆயில் மாற்றி இதைத் திருத்த முடியாமல் போனதற்குக் காரணம் இதுவே.

எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரையும் விடவில்லை. கியர்பாக்ஸுக்குள் சுற்றிய ஆயில் அதன் வழியாகவும் சுற்றியிருக்கிறது, அதனுள் இருக்கும் பூட்டுக் கிளட்ச் வேறு ஏற்கெனவே நடுங்கியது (மூன்றாவது புகார் அதுதான்). அதைக் கழுவிவிட்டுத் திரும்பப் போடலாம் என்ற யோசனையை உரிமையாளர் செலவு கருதிக் கேட்டார். கழுவுவது துகளைக் கொஞ்சம் எடுக்கும், லைனிங்கைப் புதுப்பிக்காது. புதுப்பித்த கன்வெர்ட்டரே போட்டோம். சி தொகுதி முழுவதும், எல்லா சீல்களும், பான், ஆயில் புதிது. வால்வ் பாடியும் அதோடு ஒட்டிய மெக்கட்ரானிக்கும் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதி) சோதனையில் தேறின. சுத்தம் செய்து அதையே போட்டோம்.

இரட்டைக் கிளட்ச் பெட்டிகளோடு ஒப்பிட்டு ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பும் வசதி) வைத்துக் கிளம்பும்போது சூடு முழுக்கக் கிளட்ச் பிளேட்டில்தான் விழும். கன்வெர்ட்டர் வைத்த இந்த வகையில் கிளம்பும் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்கிறது. ஆகவே, லாஞ்ச் செய்ததால் போயிற்று என்று எல்லாப் பெட்டிக்கும் ஒரே பழியைப் போடுவது சரியில்லை. இந்தக் காரில் சி கெட்டது கிளம்பும்போது அல்ல, கியர் மாறும் கணத்தில்.

இரண்டாம் முடிவு: டியூனிங்கை என்ன செய்வது

என் சொந்த விருப்பம், காரைக் கம்பெனி நிலையிலேயே விட்டுவிடுவது. உரிமையாளர் விருப்பம் அதுவல்ல. “கூடுதல் பவர் இல்லாம இத வச்சு என்னங்க பண்றது” என்றார், சிரித்துக்கொண்டேதான். வேண்டவே வேண்டாம் என்று அனுப்பியிருந்தால் ஆறு மாதத்தில் இன்னொரு பெட்டி ஏறியிருக்கும். எங்களுக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

ஆகவே டியூனிங்கைக் கியர்பாக்ஸுக்குத் தெரியும்படி செய்வது என்று முடிவானது. ஈசியூவைத் திறந்து முறையாக மேப் எழுதக்கூடிய ஒருவரிடம் போனோம். அவரிடம் கேட்டவை இவைதான். ஈசியூ கணக்கிடும் டார்க் உண்மை டார்க்கோடு ஒத்துப்போக வேண்டும். டைனோவில் (காரை நிறுத்தி ஓட்டி டார்க் அளக்கும் கருவி) அதைக் காட்ட வேண்டும். டிசியூவிலும் மேப் மாற்றி, புதிய டார்க்குக்கு ஏற்ற அழுத்தமும் எல்லைகளும் தர வேண்டும். உச்ச டார்க் 560-ஐத் தாண்டக் கூடாது. 2, 3 கியர்களில் அதைவிடக் குறைவு. ஆயில் சூடு 115 டிகிரியைத் தாண்டினால் டார்க் தானாக இறங்க வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்டுவதும் இலவசம் இல்லை. ஆயில் பம்புக்கும் சீல்களுக்கும் அது கூடுதல் சுமை. மிக வேகமாக, கடினமாக மாறும்படி எழுதினால் கிளட்ச் தப்பிக்கும், அதிர்ச்சியைத் தண்டுகளும் பின் ஆக்சிலும் வாங்கும். மேப் எழுதியவர் முதலில் கொடுத்த பதிப்பு அப்படித்தான் முதுகில் தட்டியது. நன்றாக இருக்கிறது என்று உரிமையாளர் ரசித்தார். நாங்கள் திருப்பி அனுப்பி மென்மையாக்கச் சொன்னோம். 620 வேண்டுமே என்றும் ஒரு பேச்சு வந்தது. 500 வகுப்புக் கியர்பாக்ஸில் பன்னிரண்டு சதவீதம் தாண்டுவதே எங்களுக்குச் சங்கடம் என்று அதோடு நிறுத்திவிட்டோம்.

பின்னர் நடந்தது

முதல் டிராக் நாளில் ஸ்கேனரோடு போய்ப் பதிவு எடுத்தோம். 2-லிருந்து 3-க்கு மாறும்போது ஆர்பிஎம் கோடு எங்கேயும் மேலே துள்ளாமல் நேராக இறங்கியது. மூன்றாம் கியர் 60-லிருந்து 90 கணக்கும் ஈசியூ சொன்ன டார்க்கும் இந்த முறை ஒத்துப்போயின. ஆயில் சூடு மட்டும் நாங்கள் நினைத்ததைவிட வேகமாக ஏறியது. இருபது நிமிட ஓட்டத்தின் முடிவில் 112 டிகிரி. பத்து டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது ஆயில் துறையில் உள்ள கைக்கணக்கு. அதனால் ஓட்டத்தைப் பதினைந்து நிமிடமாகக் குறைத்து, கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவைக்கச் சொன்னோம். கடைப்பிடிக்கிறார் என்று பதிவுகள் சொல்கின்றன.

வேலை முடிந்து 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐந்து உறுப்புகளின் திருத்தமும் நடுவை ஒட்டியே இருக்கின்றன. சி சற்றே நகர்ந்திருக்கிறது, புதுப் பிளேட் படிந்து உட்காரும் அளவுதான். நடுக்கம் இல்லை. இடையில் எடுத்துப் பார்த்த ஆயில் கறுக்கவில்லை. கார் பிக்கிபேக் பெட்டியோடு இருந்ததைவிட மெதுவானது. டிராக்கில் சுற்று நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று உரிமையாளரே சொன்னார். சறுக்கும்போது இழந்த நேரம் திரும்பக் கிடைத்திருக்கும்.

மாற்றியவை

டியூனிங் உண்டா என்ற கேள்வியை எங்கள் வரவுப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, ஈசியூ மேப், சென்சாரில் மாட்டும் பெட்டி, பெடல் பெட்டி, மாற்றிய இன்டேக், மாற்றிய எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறோம். பெட்டி போட்டவர் அதை டியூனிங் என்று நினைப்பதில்லை என்பது தெரிந்துவிட்டது. டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எது வந்தாலும், புகார் கியர்பாக்ஸில் என்றால், மூன்றாம் கியர் வேகக் கணக்கை முதல் நாளே போட்டுவிடுகிறோம். ஐந்து நிமிட வேலை.

டியூனிங் செய்ய வருகிறவர்களிடம் இப்போது ஒரே நிபந்தனை: முதலில் கிளட்ச் திருத்தங்களின் பதிவும் புது ஆயிலும், பிறகுதான் பவர். ஆயில் மாற்றும் இடைவெளியை டியூன் செய்த, டிராக்கில் ஓடும் கார்களுக்கு 30,000 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறோம். இசட்எஃப் சொல்வதைவிட இது மிகவும் முன்னதாகத்தான். பானும் ஆயிலும் ஒரு கன்வெர்ட்டரைவிட மலிவு என்பதால் யாரும் இதுவரை மறுக்கவில்லை.

இந்தக் காருக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் சி திருத்தத்தைக் குறித்துவைக்கிறோம். அனுமதித்த அளவில் பாதியை அது தாண்டினால் மேப்பை 500-க்கு இறக்கிவிடுவது என்று உரிமையாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.